ஈயின் முதுகில் நாலு முடி

அந்த ஈயை முதலில் பார்த்தவள் நான். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் ஒரு படி ஏறிவிடுகிறது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் பிரிவில் நான் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மாணவர்களுக்குத் தவளையையும் கரப்பானையும் அறுத்துக் காட்டுகிற வேலை. வீடு வலியசாலை அக்ரஹாரத்தில். பதின்மூன்று வயதில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பதினான்கில் அது முடிந்தும் போயிற்று. அப்பா ஹஜூர் கச்சேரியில், அதாவது சர்க்காரின் தலைமை அலுவலகத்தில், குமாஸ்தா. மழிப்பதற்கென்று என் தலையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வாசற்படியில் நின்று சொன்னார். பிறகு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். தெருவில் பாதிப் பேர் எட்டு வருஷம் அவரோடு பேசவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார். பிறகு நானும் அம்மாவும் அண்ணாவும்தான்.

பிரிவில் நான் ஒருத்திதான் பெண். மூன்று வருஷம் அப்படியே ஓடிற்று. ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, அதற்கும் பிறகு அது எனக்குப் பிடித்துப்போயிற்று. வெளியூரிலிருந்து யாராவது பிரிவைப் பார்க்க வந்தால் புரொபசர் என் மேஜைப் பக்கம் ஒரு நிமிஷம் நிற்பார். "இவர் எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர்" என்று சொல்வார். வந்தவரின் புருவம் உயரும். அந்த உயர்ந்த புருவத்துக்காக நான் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன் என்பது எனக்கே அப்போது தெரியாது.

நாலாம் வருஷம், வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழையோடு இன்னொருத்தி வந்து சேர்ந்தாள். நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பம், தகப்பனார் சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மதராஸில் எம்.ஏ. படித்தவள். நான் வெறும் பி.ஏ. என்னைவிட ஆறு வயது சின்னவள். முதல் நாளே "அக்கா" என்று கூப்பிட்டாள். காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை, அவர்கள் சபையில் நகை போடுகிற வழக்கம் கிடையாது. என் காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை, அதற்குக் காரணம் வேறு. மாணவர்கள் எங்கள் இருவரையும் ஒரே ரகமாக நினைத்துக்கொண்டார்கள். அதுவே எனக்கு ஆகவில்லை.

கரப்பானின் உமிழ்நீர்ச் சுரப்பி என்று ஒன்று உண்டு. ஈரமான சிலந்திவலை மாதிரி நெஞ்சுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கிழியாமல் முழுசாக எடுத்துக் கண்ணாடித் துண்டில் பரப்புவது கஷ்டமான காரியம். பிரிவில் அது என் வித்தை என்று பேர். பத்துக்கு ஆறு எனக்கு முழுசாக வரும். அவள் வந்த இரண்டாவது வாரம், நான் பக்கத்து மேஜையில் நிற்கும்போது, கரப்பானின் தலையை இடுக்கியால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். சுரப்பி முழுவதும் தலையோடு சேர்ந்து வந்து தண்ணீரில் விரிந்தது. சுற்றி நின்ற மாணவர்கள் ஒரே குரலில் "ஓ" என்றார்கள். அன்று அவள் ஒன்பது கரப்பான் அறுத்தாள். ஒன்பதும் முழுசு. நான் எண்ணினேன்.

"எங்கே பழகினே?" என்று கேட்டேன்.

"எங்க அம்ம லேஸ் பின்னுவா அக்கா. மிஷன்ல. எனக்கு ஆறு வயசிலயே லேஸ் பின்னுத தலையணையும் நூல்கட்டையும் தந்துட்டா. தப்பா ஒரு இழை போட்டா கையிலயே அடிதான்" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு ஆறு வயதில் யாரும் ஒன்றும் கற்றுத் தரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஈ கிடைத்தது சிங்க மாசத்தில், தமிழுக்கு ஆவணி. கர்க்கடக மழை ஓய்ந்து நல்ல வெயில் விழுந்த ஒரு காலை. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பலாமரம், அதன் வேரில் கட்டெறும்புக் கூடு. எறும்புகள் சாரையாக மரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அன்று சாரை கலைந்திருந்தது. ஒவ்வொரு எறும்பும் நின்று, முன்னங்கால்களைத் தூக்கி, வாயை அகலத் திறந்து, பின்னால் யாரோ வருகிற மாதிரி சுற்றிச் சுற்றித் திரும்பியது. குனிந்து பார்த்தேன். எள்ளில் பாதிகூட இராத ஒரு ஈ எறும்பின் பின்புறத்தில் ஒரு விரற்கடை உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. எறும்பு திரும்பினால் அதுவும் கூடவே திரும்பியது. பிறகு கண் இமைக்கிற நேரத்தில் எறும்பின் மேல் பட்டு விலகியது. எறும்பு கொஞ்ச நேரம் அடிபட்டது போலத் தள்ளாடிவிட்டு நடந்தது.

கண்ணாடிக் குழாயை எடுத்துவந்து இரண்டு நாளில் பன்னிரண்டு ஈக்களைப் பிடித்தேன். புரொபசர் ஒன்றை லென்ஸில் பார்த்தார். முதுகு கூனியிருந்தது. சிறகின் முன் ஓரத்தில் மட்டும் தடித்த நரம்பு, மீதி நரம்புகள் பென்சில் கீறல் போல. "கூன் ஈ" என்றார். இந்தக் கூட்டத்தில் சில ஈக்கள் உயிரோடு இருக்கிற எறும்புக்குள் முட்டையை ஊசி போடுகிற மாதிரி செலுத்திவிடும். புழு தலைக்குள் ஏறி அங்கேயே தின்று வளரும். கடைசியில் எறும்பின் தலை தனியாக உதிரும். இதை அவர் சொல்லிக்கொண்டே போகும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"நம்ம ஊரில் இதை யாரும் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. என்ன இனம் என்று கண்டுபிடியுங்கள்" என்று என்னிடம் சொன்னார். என்னிடம்தான்.

கீழை நாட்டு ஈக்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் பிரிவில் இருந்தது. அதில் இனம் காண்பதற்குக் கேள்விகள் இரண்டிரண்டாக வரும். நெற்றி முடிகள் முன்னால் சாய்ந்தவையா, மேலே நிமிர்ந்தவையா? சிறகின் தடித்த நரம்பு பாதிவரை போகிறதா, பாதி தாண்டுகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பெயரில் போய் நிற்கும். நான் ஒரு வாரம் அதில் கிடந்தேன். மைக்ராஸ்கோப்புக்கு ஜன்னல் வெளிச்சம்தான். மேகம் மூடினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடைசியில் இரண்டு கேள்விகள் நின்றன. ஒன்று, முதுகின் கடைசியில் இருக்கும் சின்ன முக்கோணத் தகட்டில் முடி இரண்டா, நாலா என்பது. நான் உலர்த்தி வைத்திருந்த நாலு ஈக்களில் பார்த்தேன். இரண்டு. மற்றது பெண் ஈயின் முட்டையிடும் ஊசி என்ன வடிவம் என்பது. அந்த ஊசி வயிற்றுக்குள் சுருங்கிக் கிடக்கும். உடம்பைக் காரத்தில் போட்டுச் சதையைக் கரைத்து, ஊசியை வெளியே இழுத்துப் பரப்பினால்தான் தெரியும். ஸ்பிரிட்டில் எட்டு ஈக்கள் வைத்திருந்தேன். முதல் இரண்டும் காரத்தில் கரைந்தே போயின. மூன்றாவதை இழுக்கும்போது ஊசி முறிந்தது. நாலாவது எங்கே தெறித்தது என்று தரையெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள்: "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாரோட சண்டை?"

"ஈயோட."

"ஈயோட சண்டை போடறதுக்குச் சர்க்கார் சம்பளம் குடுக்கறதா?" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

மறுநாள் புரொபசரிடம் முறிந்த ஊசியைக் காட்டினேன். முறிந்த துண்டு புத்தகத்தில் இருந்த ஜாவா தீவு ஈ ஒன்றின் படத்தோடு ஒத்துப்போவது போலிருந்தது. முடியும் இரண்டு. "அந்த இனம்தான் இது" என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, "எதற்கும் அவளிடம் ஒன்றைக் கொடுங்கள். அவளுக்குக் கை லேசு" என்றார்.

அவர் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் மேஜைக்குத் திரும்புகிற அந்த இருபது அடியும் நான் எப்படி நடந்தேன் என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

ஒரே ஒரு ஈயைக் கொடுத்தேன். மூன்று மீதி இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் தையல் ஊசியைவிட மெல்லிய இரண்டு ஊசிகளை மூங்கில் குச்சியில் செருகி வைத்திருந்தாள். ஈயைக் காரத்தில் போட்டுவிட்டு அதைச் சூடாக்காமல், ஜன்னல் வெயிலில் வைத்து, நிறைய நேரம் காத்திருந்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். கிராம்பு எண்ணெயில் நனைத்து, பால்சம் பிசினில் ஒரு சொட்டு வைத்து, மேல் கண்ணாடியை மூடினாள். ஒரு குமிழிகூட இல்லை. மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாப்பியளா? இதுல நாலு முடி கிடக்கு."

பார்த்தேன். முக்கோணத் தகட்டில் இரண்டு பெரிய முடி. அவற்றுக்கு வெளியே இரண்டு பக்கமும் இரண்டு சின்ன முடி.

"அழுக்கு ஒட்டிண்டிருக்கு" என்றேன்.

"அழுக்குன்னா ரெண்டு பக்கமும் ஒரே இடத்துலயா ஒட்டும்?" அவள் மெதுவாகத்தான் கேட்டாள். "நீங்க உலத்துனதுல அந்தச் சின்னது ரெண்டும் உதுந்திருக்கும் அக்கா. முடி நின்ன குழி இருக்கும், பாருங்க. அப்புறம் இந்த ஊசி. அரிவாள் மாதிரிதான் வளையுது, ஆனா நுனியில ஒரு வெட்டு இருக்கு. ஜாவா ஈக்குப் படத்துல அது இல்லியே."

நுனியில் வெட்டு இருந்தது. பார்த்தவுடன் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. என் ஈ, என் மரம், என் ஒரு வாரம். அவள் ஒரு மத்தியானத்தில் அதன் முதுகில் நான் பார்க்காத இரண்டு முடியைப் பார்த்துவிட்டாள்.

அன்று மாலையே புரொபசரிடம் போனேன், அவளுக்கு முன்னால் போக வேண்டும் என்பதற்காகவே. "ஸ்லைடு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊசியின் நுனி சிதைந்திருக்கிறது. இழுக்கும்போது அவள் கை பட்டிருக்கும். அதை வைத்து வேறு இனம் என்று சொல்ல முடியாது" என்றேன். மூன்று வருஷம் கூட வேலை செய்தவள் சொன்னால் அவர் நம்பாமல் என்ன செய்வார்? மறுநாள் அவளைக் கூப்பிட்டு, அவசரப்படக் கூடாது, கருவி செய்த காயத்தை இயற்கையின் அடையாளமாக நினைத்துவிடுவது புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு என்று பக்குவமாகச் சொன்னார். கதவு திறந்திருந்தது. எல்லாம் எனக்குக் கேட்டது. அவள் வெளியே வந்தபோது காது மடல் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனாள். பதிவேட்டில் ஜாவா ஈயின் பெயரை நான் மையால் எழுதினேன்.

அதோடு அவள் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ தினமும் காலை வகுப்புக்கு முன்னால் பலாமரத்தடியில் போய்க் குந்திக்கொண்டாள், கையில் குழாயோடு. ஈக்கள் அந்த வாரம் வரவில்லை. ஆனாலும் என் ஜன்னலிலிருந்து அவள் முதுகைப் பார்க்கும்போதெல்லாம், என் வீட்டு அடுப்படியில் வேற்று ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

ஓணம் லீவுக்கு முன்னால் தோட்டக்காரர் வந்தார். கட்டெறும்பு பக்கத்து ஸ்டோர் அறைக்குள் ஏறுகிறதாம். "டீச்சரே, ஈ உறும்பினெக் களையட்டோ?" என்று, இந்த எறும்பை ஒழித்துவிடட்டுமா என்று, மலையாளத்தில் கேட்டார். அவர் கையில் மண்ணெண்ணெய் டின்.

வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "செய்யுங்கள்" என்றேன்.

லீவு முடிந்து வந்தபோது வேரடியில் கறுத்த மண் மட்டும் இருந்தது. அவள் குந்தி, ஒரு குச்சியால் அந்த மண்ணைக் கிளறிப் பார்த்தாள். பிறகு என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, உங்க ட்யூபுல மிச்சம் ஏதாவது உண்டுமா?"

"இல்லை" என்றேன். "உனக்குக் கொடுத்ததுதான் கடைசி."

"சரிக்கா" என்று போய்விட்டாள்.

அந்த மூன்று ஈக்கள் என் அலமாரியில் ஒரு ஜாடிக்குப் பின்னால் இருந்தன. ஒரு சனிக்கிழமை பிரிவில் யாரும் இல்லை. நல்ல வெயில். குழாயை வெளியே எடுத்தேன். உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் நான் அதை எடுக்கவில்லை. அவள் தப்பு, நான் சரி என்று நிச்சயம் செய்துகொண்டால் இரண்டு வாரமாக வராத தூக்கம் வரும் என்று எடுத்தேன். ஸ்பிரிட்டோடு ஒவ்வொன்றையும் குழிவான கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்றிலும் நாலு முடி. ஒரு ஈயின் வயிற்று முனையில் ஊசி தானாகவே கொஞ்சம் வெளியே நீண்டிருந்தது. யார் கையும் படாத ஊசி. அதன் நுனியில் அதே வெட்டு.

பிறகு உலர்ந்தவற்றைப் பார்த்தேன். பூசணம் பிடித்திருந்தது. அதை ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்ததும், இரண்டு முடிக்கும் வெளியே அவள் சொன்ன குழிகள் தெரிந்தன.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உட்கார்ந்து படம் வரைந்தேன். எனக்குப் படம் நன்றாக வரும். முக்கோணத் தகடு, நாலு முடி, நுனியில் வெட்டுள்ள ஊசி. கீழே என் பெயரை எழுதினேன். லண்டனில் ஒரு மியூசியத்தில் இந்தக் கூட்டத்து ஈக்களை மட்டுமே ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவருக்கு, இது புது இனம் என்று நினைக்கிறேன் என்று ஒரு கடிதமும் எழுதினேன். கடிதத்தில் 'நான்' என்ற சொல் ஐந்து இடத்தில் வந்தது. கடிதத்தோடு ஒரு ஸ்லைடு போக வேண்டும். ஊசி நீண்டிருந்த ஈயை எடுத்துக் கார நீரில் வைத்தேன். இடுக்கியை எடுத்தேன், திரும்பக் கீழே வைத்தேன். இன்னொன்றும் கெட்டுப்போனால் மீதி இரண்டு. அப்படியே உட்கார்ந்து என் விரல்களைப் பார்த்தேன். எனக்கு வேண்டியது அவள் கைதான் என்பது தெரிந்தது. அதையும் திருட முடியுமானால் திருடியிருப்பேன். நல்லவேளையாக அது முடியாது.

ஈயை எடுத்துத் திரும்ப ஸ்பிரிட்டில் போட்டேன். கடிதத்தைக் கிழித்தேன். படத்தைக் கிழிக்க மனம் வரவில்லை.

அவள் பாளையத்தில் மிஷன் டீச்சர்கள் தங்குகிற வீட்டில் இருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சபைக் கோயிலில் ஆராதனை முடிந்து அவர்கள் திரும்புகிற நேரமாகப் பார்த்துப் போனேன். அந்த மாதிரி வீட்டுக்குள் நான் அதுவரை நுழைந்ததில்லை. வெள்ளைப் புடவையோடு அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஆச்சரியமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

"இருங்க அக்கா. காப்பி தரமாட்டேன், நீங்க குடிக்க மாட்டிய. பழம் தின்பியளா?"

"காப்பியே கொடு" என்றேன்.

"வீட்டுல தெரிஞ்சா?"

"தெரியாது."

கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்காமல் குழாயை எடுத்து மேஜையில் வைத்தேன். "மிச்சம் இல்லேன்னு சொன்னேன். பொய்."

"தெரியும் அக்கா. உங்க அலமாரிக் கண்ணாடி வழியா தெரியுமே. ஜாடிக்குப் பின்னால."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"கேக்கதுக்கு முன்னாலயே தெரியும்."

"அப்போ ஏன் ஒண்ணும் சொல்லலை?"

அவள் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே மூன்று புள்ளிகள் மெதுவாக அசைந்தன. "சொல்லியிருந்தா நீங்க அதெக் கொட்டியிருப்பிய" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. கொட்டியிருப்பேன்.

"உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு அக்கா" என்று அவள் சொன்னாள். குரல் அப்படியே நிதானமாகத்தான் இருந்தது. "என் கை பட்டுக் கெட்டுப்போச்சுன்னு சொன்னியளே, அது பெரிய கோபம். அந்த எறும்பெ மண்ணெண்ணெய் ஊத்திக் கொன்னதுக்கும் இருக்கு. தோட்டக்காரர் சொன்னாரு. ஆனா நான் உங்ககிட்ட சண்டை போட்டா இந்த ஈ போயிரும். இது போயிரக் கூடாதுன்னு இருந்தேன். அவ்வளவுதான்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை. காப்பி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை புரொபசர் அறைக்கு நானே போனேன். அவளிடம் சொல்வதைவிட இது கஷ்டமாக இருந்தது. பதிவேட்டில் நான் எழுதியது தவறு, ஊசியில் அவள் கை படவில்லை, அது எனக்கு அன்றைக்கே பாதி தெரியும் என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அப்போ நான் அவளிடம் சொன்னதை என்ன செய்வது?" என்று கேட்டார்.

அவர் அவளைக் கூப்பிட்டார். நான் நிற்கும்போதே, எழுந்து நின்று, இங்கிலீஷில் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னிடம் வேலை விஷயம் தவிர ஒரு சொல் பேசவில்லை. வெளியூர் ஆட்கள் வந்தபோது என் மேஜைப் பக்கம் நிற்கவும் இல்லை.

மூன்று ஈக்களில் இரண்டை அவள் ஸ்லைடாக்கினாள். நான் வரைந்திருந்த படத்தை அவள் பார்த்தாள். கீழே இருந்த என் பெயரையும் பார்த்தாள். "வெட்டு இன்னும் கொஞ்சம் ஆழம் அக்கா" என்று மட்டும் சொன்னாள். திருத்தினேன். ஸ்லைடின் ஓரத்தில் லேபிள் ஒட்ட வேண்டும்: ஊர், மாதம், எந்த எறும்பு, பிடித்தவர் யார். பிடித்தது நான்தானே, அதனால் என் பெயரை எழுதினேன். அவளே பசை தடவி ஒட்டினாள். புரொபசர் தம் கடிதத்தில், எங்கள் பிரிவின் இரண்டு டெமான்ஸ்ட்ரேட்டர்கள் செய்த வேலை என்று எழுதி அனுப்பினார்.

துலாமழை முடிந்தது, மார்கழி போயிற்று, மாம்பூ பூத்தது. பங்குனியில் பதில் வந்தது. புரொபசர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசித்தார். இனம் புதியது. சந்தேகமே இல்லை. முதுகுத் தகட்டின் நாலு முடியும் ஊசி நுனியின் வெட்டும் இதுவரை யாரும் சேர்த்துப் பார்க்காத அடையாளங்கள். கண்டெடுத்தவருக்கு மரியாதையாக, லேபிளில் இருந்த பெயரையே இந்த ஈக்குச் சூட்டுகிறேன் என்று எழுதியிருந்தார்.

என் பெயருக்குப் பின்னால் லத்தீனில் ஒரு வால். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

புரொபசர் கொஞ்சம் நிறுத்திவிட்டு மீதியை வாசித்தார். இவ்வளவு சின்ன ஈயில் இவ்வளவு சுத்தமான ஸ்லைடை நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. இதைச் செய்தவர் யார்? அவரை அனுப்ப முடியுமானால், இங்கே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு வேலை இருக்கிறது. அவ்வளவுதான் கடிதம்.

அறையை விட்டு வெளியே வந்தோம். வராந்தாவில் அவள் நின்றாள். "ஈக்கு உங்க பேரு" என்றாள். "எனக்கு எரிச்சலாத்தான் இருக்கு அக்கா. பொய் சொல்ல மாட்டேன்."

"எனக்கும் எரிச்சல்தான்" என்றேன்.

"உங்களுக்கு என்ன எரிச்சல்? பேரு உங்களுக்குத்தானே?"

"செஞ்சது யாருன்னு அவர் கேட்டிருக்காரே."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதனால் பொறாமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பெயர் ஒரு ஈயின் மேல் உட்கார்ந்திருந்தது, அவளை ஒரு நாடு கூப்பிட்டிருந்தது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்காத நாள் எனக்கு அந்த வருஷம் கிடையாது.

லண்டன் போவதற்கான சர்க்கார் உதவிப்பணத்துக்கு அவளுடைய மனு போயிற்று. மேல்நிலையில் இருக்கிறவர் ஒருவர் அவள் வேலையைப் பற்றி எழுதித் தர வேண்டும். புரொபசர் எழுதினார். கூட இன்னொருவரும் எழுத வேண்டும் என்று கச்சேரியிலிருந்து கேட்டார்கள். பிரிவில் அடுத்த மூப்பு நான். அவர் காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

நாலு வரி எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் எழுதியதில் 'பொறுமையும் பணிவும் உள்ளவர்' என்று இருந்தது. வாசித்துப் பார்த்தேன். அதில் பொய் இல்லை, ஆனால் அதை வாசிக்கிற எவனும் அவளை லண்டனுக்கு அனுப்ப மாட்டான். அது தெரிந்துதான் எழுதினேன் என்று எனக்கே தெரிந்தது. கிழித்தேன். மூன்றாம் நாள், இந்தப் பிரிவில் என்னையும் சேர்த்து எவருக்கும் இவருடைய கண்ணும் கையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை எழுதியபோது மனம் விரிந்ததாகவோ லேசானதாகவோ எனக்குத் தோன்றவில்லை. பல் பிடுங்கிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

அவள் போனாள். இரண்டு வருஷம் என்று போனவள் யுத்தம் வந்ததும் அங்கேயே தங்கிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதம் வரும். குளிரைப் பற்றியும் ஈக்களைப் பற்றியும் எழுதுவாள். பலாமர வேரில் மறுபடி எறும்பு வந்ததா என்று ஒருமுறை கேட்டிருந்தாள். வரவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் தபாலில் ஒரு மெல்லிய அச்சுப் பிரதி வந்தது. அவள் தன் பெயரில், தான் மட்டுமாக, ஒன்பது புது ஈக்களை விவரித்திருந்தாள். படங்களும் அவளே வரைந்தவை. நான் லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு படத்திலும் முடிகளை எண்ணினேன். சிறகு நரம்பின் நீளத்தை அளந்தேன். எழுத்தில் ஒன்றும் படத்தில் ஒன்றுமாக எங்கேயாவது இருக்காதா என்று ஒரு காலை முழுவதும் தேடினேன். ஒரு தப்புகூட இல்லை.

மத்தியானம் எனக்கு வகுப்பு இருந்தது. பிரதியின் மேல் வந்த தேதியை எழுதி, பிரிவின் புத்தக வரிசையில் வைத்துவிட்டுப் போனேன்.